வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் மட்டும் வரலையா? வீட்டுக்குள்ள நம்பர் கொடுக்கிறது யாருன்னு பாருங்க!

மழை பெய்து கரண்ட் போய், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் டிவி ஓடுகிறது, யூடியூப் வருகிறது. பெட்ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மட்டும் நெட் இல்லை. வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது, பக்கத்திலேயே 'நோ இன்டர்நெட்'. எட்டரைக்கு கிளையன்ட் கால். மணி எட்டு இருபது.

கேபிள்காரருக்கு போன் போகிறது. "லைன் கிளியரா இருக்கு மேடம். மோடத்துல சிவப்பு லைட் எரியுதா? இல்லல்ல? அப்போ உங்க ரவுட்டர்லதான் பிராப்ளம்" என்கிறார். ரவுட்டர் வாங்கிய கடைக்குப் பேசினால், "போன தீபாவளிக்கு வாங்குனதுதானேம்மா, அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. லைன்காரங்ககிட்ட கேளுங்க" என்று பதில் வருகிறது.

இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதுதான் இதில் வேடிக்கை. லைன் நன்றாக இருக்கிறது. ரவுட்டரும் நன்றாக இருக்கிறது. அந்த லேப்டாப்புக்குக் கிடைத்த நம்பர்தான் தப்பு. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அந்த நம்பர்தான் ஐபி அட்ரஸ். பார்ப்பது கஷ்டமில்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், வைஃபையில் கனெக்ட் ஆகியிருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், கொஞ்சம் கீழே ஐபி அட்ரஸும் கேட்வேயும் இருக்கும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' வட்டம். அங்கே 'ரவுட்டர்' என்று போட்டிருப்பதுதான் கேட்வே. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ். அவ்வளவுதான். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதற்கு முன்னால், இந்த இரண்டு எண்களையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கத்துறவருக்கே கஸ்டமர்

வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப் எதற்கும் பிறவியிலேயே ஐபி அட்ரஸ் கிடையாது. வைஃபையில் சேர்ந்ததும் அது நெட்வொர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும்: "இங்க நம்பர் கொடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" ரவுட்டர், "நான் இருக்கேன், 192.168.1.7 காலியா இருக்கு, வேணுமா?" என்று கேட்கும். "சரி, அதையே எடுத்துக்கிறேன்" என்று போன் சொல்ல, "எழுதிக்கிட்டேன், உனக்குத்தான்" என்று ரவுட்டர் முடித்துவைக்கும். நாலே நாலு செய்தி. கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். டிஹெச்சிபி எனப்படும் இந்த முறை 1993ல் முதலில் வரையறுக்கப்பட்டு, 1997 மார்ச்சில் இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவத்துக்கு வந்தது.

நம்பரோடு சேர்த்து இன்னும் சில விஷயங்களையும் ரவுட்டர் சொல்லிவிடும். வெளியே போகிற வாசல் எது (அதுதான் கேட்வே), இணையதளங்களின் பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்க வேண்டிய டிஎன்எஸ் எங்கே இருக்கிறது, இந்த நம்பர் எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்பதெல்லாம் அதில் அடக்கம். நம்பர் சொந்தம் கிடையாது, வாடகைதான். 24 மணி நேர வாடகை என்றால், 12 மணி நேரம் முடிந்ததும் போன் அதே ஆளிடம் போய், 'இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்' என்று நீட்டித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம்பர் கொடுப்பவர் உண்மையிலேயே அதற்கு உரியவர்தானா என்று போன் கேட்பதே இல்லை. இரண்டு பேர் பதில் சொன்னால், பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் நம்பர் கொடுப்பவர் ஒருவராக இருக்கிற வரைக்கும் இதில் பிரச்னையே வராது. இன்றைக்குப் பல வீடுகளில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது ஆள் எப்படி வந்தார்?

ஃபைபர் கனெக்ஷன் கொடுக்கும்போது கேபிள்காரர் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். எல்லோரும் அதை மோடம் என்கிறார்கள். இப்போது வருகிற பெரும்பாலான மோடங்களில் மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. நம்பர் கொடுக்கும் வேலையையும் அதுவே பார்க்கிறது. அது வாசல் பக்கத்தில் இருக்கும். பெட்ரூமுக்கு சிக்னல் வராது. ஒரு ரவுட்டர் வாங்கி, மோடத்திலிருந்து லேன் ஒயர் இழுத்து உள்ளே மாட்டுவார்கள். அந்தப் புது ரவுட்டரும் பெட்டியைப் பிரித்த நிமிடத்திலிருந்து நம்பர் கொடுக்கத் தயாராகவே வருகிறது.

ஒயரை எந்த ஓட்டையில் சொருகுகிறோம் என்பதில்தான் விஷயம். ரவுட்டரின் பின்பக்கம் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய தனி போர்ட் ஒன்று இருக்கும். பல மாடல்களில் வேறு நிறத்தில் இருக்கும். அதில் சொருகினால் வீட்டுக்குள் ஒரு குட்டி வீடு உருவாகிறது. நெட் வரும். ஆனால் பெட்ரூம் வைஃபையில் இருக்கும் போனுக்கு ஹாலில் உள்ள பிரிண்டரோ, டிவியோ தெரியாது. படத்தை டிவிக்கு அனுப்பப் பார்த்தால் 'டிவைஸ் இல்லை' என்று வரும். எரிச்சல்தான், ஆனால் பிழைப்பு ஓடும்.

மற்ற நாலு 'லேன்' போர்ட்களில் ஒன்றில் சொருகிவிட்டால்தான் சிக்கல். இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று நம்பர் விற்கிறார்கள். மோடம் கொடுக்கும் நம்பரை வாங்கியவர்களுக்கு நெட் வரும். ரவுட்டர் கொடுத்ததை வாங்கியவர்களுக்கு, 'வாசல் நான்தான்' என்று ரவுட்டர் தன்னையே காட்டும். அதன் இன்டர்நெட் போர்ட்டில் ஒயரே இல்லாததால் அங்கே வழி அடைத்திருக்கும். டிவி ஓட, லேப்டாப் தவிப்பது இப்படித்தான்.

அது ஏன் கரண்ட் போய் வந்த பிறகு மட்டும்? பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஒரு அறைக்கு இருக்கும், இன்னொரு அறைக்கு இருக்காது. மோடமும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதில்லை. யார் முதலில் எழுகிறாரோ, அவரிடம் லேப்டாப் நம்பர் வாங்கிவிடுகிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் வாடகையை அவரிடமே நீட்டித்துக்கொண்டும் இருக்கும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்கிற உலகப் பொது வைத்தியம் சில நேரம் வேலை செய்வதும் இதனால்தான். ஓட்டப்பந்தயம் மறுபடி நடக்கிறது, இந்த முறை மோடம் ஜெயித்துவிடுகிறது. நாளைக்கு ஜெயிக்கும் என்று உத்தரவாதமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. முதலில் விவரம் தெரிந்த யாரோ சரியாகத்தான் செட்டிங் போட்டிருப்பார்கள். குழந்தை குச்சியால் ரீசெட் ஓட்டையைக் குத்தியிருக்கும், அல்லது கடைக்காரர் 'ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க' என்று சொல்லியிருப்பார். ரவுட்டர் பிறந்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்பி, மறுபடி நம்பர் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

ஆவடி, பட்டாபிராம் பக்கம் கீழே ஹவுஸ் ஓனர், மேலே வாடகைக்கு என்று இருக்கும் தனி வீடுகளில் இதே கதை கொஞ்சம் காரமாக நடக்கும். கீழ் வீட்டு கனெக்ஷனிலிருந்து மேலே ஒரு ஒயர் போகும். மேல் வீட்டுப் பையன் ரவுட்டர் வாங்கித் தப்பான போர்ட்டில் மாட்டுவான். "தம்பி, நீங்க ஏதோ டப்பா மாட்டுனதுலேர்ந்து கீழ எங்களுக்கு சீரியலே வரல" என்று ஓனர் வருவார். "எனக்கும்தான் அங்கிள் விட்டு விட்டு வருது" என்பான் அவன். மாடிக்கு ஒயர் போனதால் மாடியில் இருக்கும் டப்பாவும் கீழ் வீட்டுக்கு நம்பர் கொடுக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

கண்டுபிடிப்பது எப்படி?

நெட் வருகிற கருவியின் கேட்வேயையும், வராத கருவியின் கேட்வேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.1, இன்னொன்றில் 192.168.0.1 என்று இருந்தால், வீட்டில் இரண்டு பேர் நம்பர் கொடுக்கிறார்கள். நெட் வராத லேப்டாப்பிலேயே பிரவுசரைத் திறந்து அந்த கேட்வே எண்ணை அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் திறக்கும். மேலே எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ, அந்தப் பெட்டிதான் நம்பர் கொடுத்தது. நெட் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் இது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டுமே 192.168.1.1 என்றே இருந்தால் இன்னும் குழப்பம். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. அப்போது உள் ரவுட்டரின் ஒயரை உருவிவிட்டு, மோடத்தின் வைஃபையில் மட்டும் சேர்ந்து பாருங்கள். சரியாகிவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு விஷயம்: நம்பர் கொடுக்கும் வேலை ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். சுலபமான வழி, உள் ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைப் போடுவது. அப்போது அது வைஃபையை மட்டும் பரப்பும், நம்பர் விஷயத்தில் தலையிடாது. பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லை என்றால், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 மாதிரி மாற்றிவிட்டு, டிஹெச்சிபி சர்வரை ஆஃப் செய்து, ஒயரை லேன் போர்ட்டிலேயே விடலாம். இந்த வரிசை முக்கியம். முகவரியை மாற்றாமல் டிஹெச்சிபியை மட்டும் அணைத்தால், நாளைக்கு அந்த ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போக முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். நல்ல ரவுட்டர் வாங்கியிருக்கிறோம், அதுவே எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று நினைப்பவர்கள், கேபிள்காரரிடம் சொல்லி மோடத்தை 'பிரிட்ஜ் மோட்'டுக்கு மாற்றச் சொல்லலாம். கனெக்ஷனின் யூசர்நேம், பாஸ்வேர்டை அவரிடம் வாங்கி ரவுட்டரில் போட வேண்டியிருக்கலாம்.

169-ல் ஆரம்பித்தால்?

சில நேரம் 169.254 என்று தொடங்கும் ஒரு எண் தெரியும். பார்த்தால் ஐபி அட்ரஸ் மாதிரியேதான் இருக்கும், ஆனால் யாரும் கொடுத்ததல்ல. கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதிலே வராததால் லேப்டாப் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. ஐபோனிலும் இப்படித் தெரியும். ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் இதைச் செய்யாமல், ஐபி அட்ரஸ் வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எப்படியானாலும் பொருள் ஒன்றுதான்: நம்பர் கொடுக்க ஆள் இல்லை, அல்லது கொடுக்க நம்பர் இல்லை.

இரண்டாவது வகையை ஹாஸ்டல்களில், பி.ஜி.க்களில் பார்க்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் 30 பேர், ஆளுக்கு போன், லேப்டாப் என்றால் 60 கருவி. ரவுட்டரில் 50 நம்பர்தான் கொடுக்கலாம் என்று செட்டிங் இருந்து, வாடகை 24 மணி நேரம் என்றும் இருந்தால், காலையில் கிளம்பிப் போனவருடைய நம்பரும் இரவு வரை பூட்டியே கிடக்கும். நைட் ஷிப்ட்டுக்கு எழுந்தவருக்கு நம்பர் இல்லை. வார்டனிடம் சொன்னால் 'ஸ்பீடு பிளான் போட்டாச்சே தம்பி' என்பார். ஸ்பீடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம்பர் வரிசையை 2 முதல் 254 வரை நீட்டி, வாடகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் போதும். காசு செலவில்லை.

சிசிடிவி வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு வகை. மாட்டியவர் கேமரா பெட்டிக்கு 192.168.1.10 என்று கையாலேயே எண் போட்டுவிட்டுப் போயிருப்பார். அது ரவுட்டருக்குத் தெரியாது. அந்த எண் காலி என்று நினைத்து ஒரு நாள் அப்பாவின் போனுக்குக் கொடுத்துவிட்டால், போனும் கேமராவும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குக் கையால் எண் போடாமல், ரவுட்டரிலேயே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் எழுதி வைப்பதுதான் முறை. போனுக்கு இப்படி எழுதி வைக்கப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் தங்கள் நிஜ அடையாள எண்ணை மறைத்து, வைஃபைக்கு வேறு ஒரு எண்ணைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை எடுத்துவிட்டால் ரிசர்வேஷன் நிலைக்கும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். எல்லாம் சரியாக இருந்தும், விபிஎன் போட்டதும் ஆபீஸின் ஒரு குறிப்பிட்ட சர்வர் மட்டும் திறக்கவில்லை என்றால், ஆபீஸும் வீடும் ஒரே எண் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்று 1996ல் ஒதுக்கப்பட்ட பொது வரிசைகள் மூன்றுதான்: 10-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168. உலகம் முழுக்க எல்லோரும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள், அதிலும் சோம்பேறித்தனமாக 192.168.1 என்றே விட்டுவிடுகிறார்கள். வீட்டு வரிசையை 192.168.57 மாதிரி யாரும் யோசிக்காத எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்தது.

100-ல் ஆரம்பிக்கும் நம்பர் தப்பா?

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் பக்கத்து முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கோளாறு இல்லை, பற்றாக்குறை. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ல் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான கிடங்கு அதே ஆண்டு ஏப்ரல் 15ல் கடைசிப் பகுதியைத் தொட்டு ரேஷன் முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு, பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்க வைக்கும் வேலைக்காக 2012ல் 41,94,304 எண்கள் கொண்ட இந்த 100 வரிசை ஒதுக்கப்பட்டது. அபார்ட்மென்ட் முழுவதுக்கும் கேட்டில் ஒரே கதவு எண் மாதிரி.

என்டிடி நிறுவனம் 2023ல் டேட்டா சென்டர் வளாகம் திறந்த அதே அம்பத்தூரில், நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குத் தனக்கென்று ஒரு பொது எண் இல்லாமல் இருப்பது இதனால்தான். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறக்க முடியாது, சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும். தேவைப்படுபவர்கள் ஸ்டாட்டிக் ஐபி என்று கேட்டு, தனிக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஆவடியில் இருந்து லாகின் செய்தால் 'மும்பையிலிருந்து நுழைந்தீர்கள்' என்று மெயில் வருவதும் பெரும்பாலும் இந்த வகைதான். எண் பதிவாகியிருக்கும் ஊர் அது. ஆனால் நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் அந்த மெயில் வந்தால், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எந்த நேரத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்ற கணக்கு சாதாரணமானதல்ல. 2007 ஆகஸ்டில் பெங்களூரு மென்பொருள் ஊழியர் ஒருவரை, ஆர்குட் பதிவு ஒன்றுக்காக புனே போலீஸார் கைது செய்தார்கள். அவருக்கும் அந்தப் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை. போலீஸுக்குக் கொடுக்கப்பட்ட ஐபி விவரம் தப்பு. அது தெரிந்து வெளியே வருவதற்குள் 50 நாள் சிறையில் கழிந்துவிட்டது. வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாடி முழுக்கக் கொடுத்து வைத்திருப்பவர்களும், ரவுட்டரின் லாகினை இன்னும் 'அட்மின், அட்மின்' என்றே வைத்திருப்பவர்களும் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். ரவுட்டருக்குள் புகுந்தவரால் டிஎன்எஸ் எண்ணை மாற்றி, பேங்க் பெயரை அடித்தால் போலிப் பக்கத்துக்குப் போகும்படி செய்ய முடியும்; நம்பரோடு டிஎன்எஸையும் கொடுப்பது ரவுட்டர்தானே.

அம்பத்தூர் வீட்டுக்குத் திரும்பினால், எட்டரை மணி கால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடி முடிந்திருக்கும். அந்த அவசரத்துக்கு அதுதான் சரி. கால் முடிந்ததும் கேபிள்காரருக்கு மறுபடி ஒரு போன்.

"அண்ணே, டிவியில கேட்வே 192.168.1.1. லேப்டாப்ல 192.168.0.1. பிரவுசர்ல அடிச்சுப் பார்த்தா என் ரவுட்டர் பேஜ் வருது."

"ஓ... அப்போ அதை ஏபி மோட்ல போடுங்க மேடம். நீங்களே போட்டுடுவீங்களா, இல்ல பையன அனுப்பவா?"